அம்பு ஒட்டிய இடங்கள்

ஜூன் 3, செவ்வாய்

எட்டு வருஷத் தலைவலிக்கு இன்றைக்குத்தான் நரம்பு டாக்டரிடம் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, ஏழு நிமிஷம் பார்த்து, வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பிவிட்டார். டாக்டர் பிரேமா என்று பேர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். மூஞ்சியில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது.

கொடுத்தது ஒரு கட்டுத் தாள். ஒவ்வொரு தாளிலும் நான்கு மொட்டைத் தலைகள்: முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது.

"வலி எங்க இருக்குன்னு படத்துல குறிங்க. வலிக்குப் பத்துக்கு எத்தனைன்னு போடுங்க. அப்புறம் அன்னைக்கு மனசு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு அதுக்கும் பத்துக்கு ஒரு நம்பர். கூடவே என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி. ஆறு வாரத்துக்கு."

"மனசுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். தலைதானுங்க வலிக்குது."

"அப்ப சைபர் போடுங்க."

"ஒத்தத் தலவலிங்க. எப்பவும் இடது பக்கந்தான். இதுக்கு எதுக்குங்க படம்?"

"எப்பவும் இடது பக்கமா, இல்ல எப்பவும் இடது பக்கம்னு நெனைக்கிறீங்களான்னு பாக்கலாம்."

பேச்சைப் பார். என் தலை எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியாதாம்.

படிக்கிறவர் குழம்பக் கூடாது என்பதால் நான் யார் என்று எழுதிவிடுகிறேன். பேர் சம்பூர்ணம், வயது நாற்பத்தாறு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். துணியை அடுக்கி வெட்டி, கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். தையலுக்குப் போகும் முன் அந்த வெட்டுத் துணிகளைப் பார்த்துப் பாஸ் போடுவது என் வேலை. குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவோம். ஆரோ ஸ்டிக்கர். அம்பு முனை எங்கே நிற்கிறதோ அங்கே குறை. இருபத்து நான்கு வருஷமாக என் கண்ணுக்குத் தப்பிப் போனது எதுவும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊர்க்காரர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

பேனாவால் தலையில் கோடு போடக் கை வரவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு சுருள் ஆரோ ஸ்டிக்கர் எடுத்து வந்திருக்கிறேன். வலித்தால் ஒட்டிவிடலாம். நடந்ததை எழுத இந்த நோட்டு.

ஜூன் 5, வியாழன்

இடது நெற்றிப் பொட்டில் அம்பு ஒன்று. இடது கண்ணுக்கு ஒன்று. வலி 6. மனக்கஷ்டம் 0.

நடந்தது: பக்கத்து மேசை ரேணு புதுசாக ஏதோ வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு வந்துவிட்டாள். பத்தரைக்கே தொடங்கிவிட்டது. துணி ரூமில் ஒரு மூலையில் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து வாந்தி, தூக்கம். சாயங்காலம் எழுந்து தோசை சுட்டேன்.

"ஏனுங்க்கா, நாளைக்குத் தலைக்குக் குளிச்சுட்டு வந்தர்றேன்" என்றாள் ரேணு. நல்ல பிள்ளை. வந்து ஏழு மாதம்தான் ஆகிறது, கண் கூர்மை.

ஜூன் 7, சனி

வலது பொட்டு, இடது பொட்டு, பின் கழுத்து. மூன்று அம்பு. வலி 8. மனக்கஷ்டம் 0.

டாக்டருக்குக் குறிப்பு: இரண்டு பக்கமும் வந்தது சூட்டினால் இருக்கும்.

நடந்தது: பதினான்காம் நம்பர் பண்டலில் கழுத்து வளைவில் படி விழுந்திருந்தது. வளைவு வழவழவென்று போக வேண்டும், நடுவில் ஒரு இடத்தில் கத்தி சறுக்கி ஏறியிருந்தது. எண்பது அடுக்கை ஒன்றாக வெட்டுவதால் ஒன்றில் விழுந்தால் எண்பதிலும் விழும். அவர் வெட்டியது. மேல் துணியில் ஸ்டிக்கர் ஒட்டினேன். பிறகு யோசித்தேன், அந்தத் துணி வழுக்குகிற ரகம், யார் வெட்டினாலும் அப்படித்தான் வரும். ஸ்டிக்கரை எடுத்துவிட்டு, சின்ன சைஸுக்கு மாற்றி வெட்டட்டும் என்று நானே கட்டிங் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ரிஜக்ட் நோட்டில் ஏற்றவில்லை. சைஸ் மாற்றத்தை யாரும் ரிஜக்ட்டில் ஏற்ற மாட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

வலி இல்லை. 0, 0.

கறி எடுத்தோம். சின்ன வெங்காயம் உரித்துத் தருகிறேன் என்று அவர் உட்கார்ந்தார். நான் மசாலா அரைத்து, அரிசி களைந்து, உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு கைப்பிடிகூட உரிக்கவில்லை.

"ஏனுங்க மாமா, வெங்காயத்துக்கு அளவெடுத்துட்டு இருக்கீங்களா?" என்றேன்.

"கட்டிங் மாஸ்டர் அளவெடுக்காம தொடுவானா அம்மிணி" என்று சிரித்தார். சிரிப்பு மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது.

சட்டை பொத்தான் போடவும் நேரமாகிறது. ஐம்பத்து மூன்று வயது ஆகிறது, வேகம் குறையத்தானே செய்யும்.

ஜூன் 10, செவ்வாய்

இடது பொட்டு மட்டும். வலி 5. மனக்கஷ்டம் 0. காலையில் சாப்பிடாமல் ஓடினேன், அதனால்தான். எனக்கே தெரியும்.

ஜூன் 11, புதன்

0, 0.

ஜூன் 12, வியாழன்

இரண்டு பொட்டு, பின் கழுத்து. வலி 7. மனக்கஷ்டம் 0.

ஒவ்வொரு பண்டலிலும் ஒரு சீட்டுக் கட்டி வரும். பண்டல் நம்பர், வெட்டியவர் முதல் எழுத்து, பார்த்தவர் முதல் எழுத்து. 'கட்டர் செ' என்று இருந்தால் அவர். நான் பார்த்து 'ச' என்று போடுவேன். அவர் எழுத்து குண்டு குண்டாக, தூரத்திலிருந்தே தெரியும். அதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கு முன்பே எனக்குப் பிடித்துப்போனது. இன்றைக்கு வந்த சீட்டில் எண்கள் கடுகு மாதிரி இருந்தன. தொடங்கும்போது ஓரளவு பெரிசு, போகப் போகச் சின்னது. சீட்டில் இடம் இல்லாமல் இருக்கலாம். பாதிச் சீட்டு காலியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொன்னேன். "ஆமா, மாத்தோணும்" என்றார்.

ஜூன் 14, சனி

இரண்டு பொட்டு, நெற்றி நடு, பின் கழுத்து, தோள்வரை. ஸ்டிக்கர் ஒட்ட இடம் போதவில்லை. வலி 9. மனக்கஷ்டம் 0.

நடந்தது: அவர் வெட்டிய இருபத்து மூன்றாம் பண்டலை ரேணு எடுத்துவிட்டாள். அக்குள் வளைவில் அம்பு ஒட்டி, என்னிடம் கொண்டுவந்து, "யக்கா, இங்க கத்தி உள்ள போயிருக்குதுங்க, பாருங்க" என்றாள். சரியாக ஒட்டியிருந்தாள், ஒரு நூலளவுகூடத் தள்ளவில்லை.

நான் அம்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி, "ஏழு மாசத்துல எனக்குச் செக்கிங் சொல்லித் தர வந்துட்டயா? இது இழுவைத் துணி, வெட்டுன பொறகு சுருங்கும். குறையும் தெரியல, துணியும் தெரியல, என்னத்தக் கத்துக்கிட்ட நீ?" என்று கத்திவிட்டேன்.

அவள் போய் உட்கார்ந்து வேலை பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அது சுருங்குகிற துணி இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

இடது பொட்டு, இடது கண். வலி 7. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன். வாந்தி எடுத்து, ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்ததும் போய்விட்டது. இது பழகின வலி. வரும், படுத்தும், போகும். இதைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை.

மனக்கஷ்டம் 0.

ஜூன் 19, வியாழன்

இரண்டு பக்கமும், கழுத்தும். 8. மனக்கஷ்டம் 0.

மேனேஜர் தனசேகர் வந்து கேட்டார். "என்னங்க்கா, இந்த மாசம் சைஸ் மாத்தம் எச்சா இருக்குது? கட்டிங்ல ஏதாச்சும் பிரச்சினையா? மாஸ்டர் நல்லாத்தான இருக்காரு?"

"அவருக்கென்னங்க, கல்லாட்ட இருக்காரு. துணி சரியில்லீங்க. இந்தத் தடவை வந்த லாட்டே லூஸு" என்றேன். கண்ணிமைக்காமல் சொன்னேன். துணிக்கு வாய் இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டிருக்கும்.

ஜூன் 21, சனி

அதே மூன்று இடம். 9. மனக்கஷ்டம் 1. பக்கத்து வீட்டில் போர்வெல் போடுகிறார்கள், சத்தம். அவர் சாப்பிடும்போது டம்ளர் தட்டில் பட்டு டடடவென்று ஆடியது. போர்வெல் அதிர்ச்சியாக இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று வாரத்தில் ஒரு தடவை காட்டச் சொல்லியிருந்தார், டாக்டரிடம் போனேன். தாள்களையும் இந்த நோட்டையும் மேசை முழுக்கப் பரப்பி வைத்துப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்ததும் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "இது எங்கம்மா கிடைக்கும்? எல்லாருக்கும் குடுக்கலாம் போல."

அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

"எட்டு நாள் வலி. மூணு நாள் இடது பக்கம் மட்டும். அஞ்சு நாள் ரெண்டு பக்கமும், கழுத்தோட. வலி ஒம்பது, மனக்கஷ்டம் சைபர். ஒம்பது வலிக்கும்போது சைபர் எப்படிம்மா?"

"பழகிருச்சுங்க."

"இடது பக்க நாளுக்குக் காரணம் எழுதியிருக்கீங்க. வாசனை, பட்டினி, வெயில். சரியா இருக்கு. இந்த அஞ்சு நாளுக்கு நீங்க எழுதின காரணம் எதுவும் ஒட்டல. ஆனா அஞ்சுலயும் ஒரு விஷயம் இருக்கு. உங்க வீட்டுக்காரர். மத்த மூணுல அவர் இல்ல." பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்ல வரல. உங்க நோட்டுல இப்படி இருக்கு. வீட்ல ஏதாவது... அடிப்பாரா?"

எனக்கு வந்ததே கோபம்!

"யாரு, அந்த மனுசனா? இருவத்து மூணு வருசத்துல என்னைய ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. நான் போடற சத்தத்துக்குத் தெருவே கேக்கும், அவர் திரும்பிப் பேசுனதில்ல. உங்க படிப்புக்கு இதுதானா கண்டுபுடிக்கத் தெரியும்?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி. அது இல்ல. அப்ப வேற என்னன்னு நீங்கதான் பாக்கணும். குறை கண்டுபிடிக்கறதுதான உங்க வேலை" என்று தாளையெல்லாம் அடுக்கிக் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 25, புதன்

லீவு போட்டேன். அவர் வேலைக்குப் போன பிறகு தாள்களைக் கட்டிலில் பரப்பினேன். ஒரு லாட்டில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் என்ன செய்வோம்? எல்லாத் துணியையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்போம். குறை துணியிலா, கத்தியிலா, கையிலா என்று தெரிந்துவிடும்.

ஏழாம் தேதி, பதினான்காம் பண்டல். பன்னிரண்டு, சீட்டு எழுத்து. பதினான்கு, ரேணுவைத் திட்டியது. பத்தொன்பது, மேனேஜரிடம் பொய். இருபத்தொன்று, டம்ளர்.

அவர் கை நடுங்குகிறது.

எழுதிவிட்டேன். வலது கை. சும்மா மடியில் வைத்திருக்கும்போதுதான் அதிகம், கட்டை விரல் பீடி உருட்டுகிற மாதிரி தானாக ஆடும். மார்கழியிலேயே பார்த்தேன். குளிர் என்று சொல்லிக்கொண்டேன். மாசி வந்தது, பங்குனி வந்தது, அக்கினி நட்சத்திரமும் போய்விட்டது. என்ன குளிர்?

அந்தக் கத்தி என்ன என்று டாக்டருக்குத் தெரியாது. நின்று அறுக்கிற நேர்க் கத்தி, நான்கு விரல் உயரத் துணி அடுக்கைச் சத்தமில்லாமல் இரண்டாக்கும். வலது கையால் மெஷினைத் தள்ள வேண்டும், இடது கையால் கத்திக்கு முன்னால் துணியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இடது கைக்கு இரும்பு வளையத்தில் செய்த கையுறை இருக்கிறது. அவர் போட மாட்டார். துணி பேசுவது விரலுக்குக் கேட்காதாம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை என்பது அவருக்குள்ள ஒரே கர்வம்.

வலது கை சறுக்கினால் கத்திக்கு முன்னால் இருப்பது இடது கை விரல்கள். நான் பதினான்காம் பண்டலைப் பார்த்தபோதே இது எனக்குத் தெரியும்.

இன்றைக்குத் தலை வலிக்கவில்லை. பயமாக இருக்கிறது. மனக்கஷ்டம் எத்தனை என்று போடத் தெரியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

சொல்லிவிடுவது என்று புளிக்குழம்பு வைத்தேன், அவருக்குப் பிடிக்கும். சாப்பிட உட்கார்ந்ததும் "மாமா" என்றேன்.

"ம்?"

"உப்பு சரியா இருக்குதுங்களா?"

"நெம்ப நல்லா இருக்குது."

இவ்வளவுதான் என் தைரியம். தெருவே கேட்கிற வாய், வேண்டிய இடத்தில் உப்புக் கேட்கிறது. இரண்டு பக்கமும். 8. மனக்கஷ்டம் 5.

ஜூன் 30, திங்கள்

புது ஆர்டர், வெள்ளைத் துணி, நூறு அடுக்கு. அவரைத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். நாளையிலிருந்து. கையுறை போடச் சொன்னேன்.

"இத்தன வருசமில்லாம இப்ப என்ன புதுசா?" என்றார்.

"புதுசா கம்பெனி ரூல் வந்திருக்குதாமுங்க" என்றேன். இன்னொரு பொய்.

இரண்டு பக்கம், கழுத்து. 9. மனக்கஷ்டம் 7.

ஜூலை 2, புதன்

கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும். கை ஓடவில்லை.

மூன்றாம் பண்டலைப் பிரித்தேன். வெட்டு ஓரத்தில், வெள்ளைத் துணியில், மிளகளவு ஒரு பழுப்புக் கறை. மேலிருந்து ஏழெட்டுத் துணிவரை இறங்கியிருந்தது. எண்ணெய்க் கறை வேறு, துருக் கறை வேறு. இது என்னவென்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீட்டில் 'கட்டர் செ', கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாக.

மத்தியானம் சாப்பாட்டில் இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி பார்த்திருந்தேன். "ஸ்டேப்ளர் குத்திடுச்சு" என்று சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன்.

கறை மேல் அம்பு ஒட்டினேன். கை தானாக அதைப் பிய்க்கப் போனது. பழக்கம். பிய்க்காமல் அந்த ஒரு துணியை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டிங் பக்கம் போனேன். டீ நேரம், எல்லாரும் வெளியே இருந்தார்கள். அவர் மட்டும் மேசை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

துணியை முன்னால் விரித்தேன். அம்பைப் பார்த்தார்.

"இதைப் பிய்க்க மறந்துட்டயா?" என்றார்.

"எதைங்க?" என்றேன்.

"சைஸ் மாத்தத்துக்கு நீ கொண்டாந்து வைக்கிற பண்டல் திரும்ப என்கிட்டத்தான வருது, சம்பூர்ணம். மேல் துணியில ஸ்டிக்கர் ஒட்டிப் பிச்ச எடத்துல பசை இருக்கும். அதுல பஞ்சு ஒட்டியிருக்கும். அம்பு வடிவமே தெரியும். பதினாலாம் நம்பர்ல பாத்தேன். இருவத்து மூணுல பாத்தேன். முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு."

"தெரிஞ்சுமா மாமா வெட்டிட்டு இருந்தீங்க?"

"உன்ற கண்ணு எனக்குத் தெரியாதா?" என்றார். குரல் ஏறவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ஒரு நூல் தப்புனாலும் என்னையவே நிக்க வெச்சுக் கேப்ப. நம்ம கல்யாண வருசத்துலயே என்ற பண்டலைத் திருப்பி அனுப்புனவ நீ. அப்படிப்பட்டவ ஒட்டிட்டுப் பிய்க்கறான்னா, யோசிச்சுப் பாத்துட்டு, பரவால்லன்னுதான் பிய்க்கறான்னு நெனச்சேன். சம்பூர்ணம் பாஸ் போட்டா கை இன்னும் நல்லாத்தான் இருக்குதுன்னு தைரியமா மெஷினைப் புடிச்சேன்."

நான் அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கத்தி முன்னால் அவரை நிறுத்தியதே நான்தான். ஒவ்வொரு அம்பாகப் பிய்த்துப் பிய்த்து நிறுத்தியிருக்கிறேன்.

அழுதேன். இருபத்து நான்கு வருஷத்தில் கம்பெனிக்குள் நான் அழுது யாரும் பார்த்ததில்லை. டீக் குடித்துவிட்டு வந்த ரேணு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய், மற்றவர்களையும் வரவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

அவர் பிளாஸ்திரியைப் பிரித்துக் காட்டினார். நகத்தின் நுனி போயிருக்கிறது, கொஞ்சம் சதையும். விரல் இருக்கிறது.

"கை என்ற பேச்சக் கேக்க மாட்டீங்குது புள்ள" என்றார். "மார்கழியில இருந்து."

"தெரியுமுங்க."

"எனக்கும் உனக்குத் தெரியும்னு தெரியும்."

இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆறு மாதம் இப்படி இருந்திருக்கிறோம். எங்களைக் கட்டி வைத்து அடிக்க வேண்டும்.

வலி: சாயங்காலம்வரை ஒன்றும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டவில்லை. மனக்கஷ்டம் 10.

ஜூலை 4, வெள்ளி

மேனேஜரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். துணியில் குறை இல்லை, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ஐந்து பண்டலையும் தேதி போட்டு ரிஜக்ட் நோட்டில் ஏற்றினேன். தனசேகர் என்னை ஒரு பார்வை பார்த்தார், நியாயம்தான். ஒரு மாதத்துக்கு நான் பாஸ் போடுவதை இன்னொருவர் மறுபடி பார்ப்பார் என்றார். "யாரைப் போடட்டும்?" என்று கேட்டார். "ரேணுவைப் போடுங்க" என்றேன்.

மாஸ்டர் இனி மெஷின் பிடிக்க வேண்டாம், துணி விரிப்பதையும் அளவு பேப்பர் வைப்பதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

பிறகு மேசைக்கு வந்து, எல்லாரும் கேட்கிற மாதிரியே, "ரேணு, அன்னைக்கு நீ ஒட்டுனது சரி கண்ணு. பொய் சொன்னது நான்" என்றேன்.

"தெரியுமுங்க்கா" என்றாள். இந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

இடது பொட்டு மட்டும். 4. மனக்கஷ்டம் 6.

ஜூலை 9, புதன்

0. மனக்கஷ்டம் 6. தலை வலிக்காமலும் கஷ்டம் இருக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

அவர் இன்று கட்டிங் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, வேறு ஆளிடம் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் சொல்லவில்லை. அப்புறம் ஞாபகம் வந்து, சொல்லிவிட்டேன். இனி எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை என்று பேச்சு. திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 15, செவ்வாய்

டோக்கன் என் பேரில். கூட்டிக்கொண்டு போனது அவரை.

"இவர்தானுங்க டாக்டர், அந்த அஞ்சு நாளு" என்றேன்.

டாக்டர் பிரேமா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். நடந்து காட்டச் சொன்னார். நடக்கும்போது வலது கை வீசவே இல்லை, இதை நான்கூடக் கவனிக்கவில்லை. பிறகு என் நோட்டைத் திருப்பி, காலிப் பக்கத்தைக் காட்டி, "ஒரு வரி எழுதுங்க ஐயா. எது வேணா" என்றார்.

வீட்டுக்காரர் பேனாவை வாங்கினார். எது வேண்டுமானாலும் என்றால் மனிதனுக்கு என்ன எழுத வரும்? இருபத்தாறு வருஷமாக எழுதியதுதான் வரும்.

'பண்டல் 1. கட்டர் செ. செக்கிங் ச.'

தொடக்கத்தில் 'ப' ஓரளவு பெரிசு. போகப் போகச் சுருங்கி, கடைசியில் என் 'ச' ஒரு புள்ளிதான்.

டாக்டர் அதைப் பார்த்தார். பார்க்கின்சன் போலத்தான் தெரிகிறது, ஆரம்பம், இன்னும் ஒன்றிரண்டு பரிசோதனை பாக்கி இருக்கிறது என்றார். முழுக்கக் குணமாகாது. மாத்திரை இருக்கிறது, பல வருஷம் நல்லபடியாக வைத்துக்கொள்ளலாம். கத்தி மட்டும் கூடவே கூடாது.

"கத்தியைத் தொடாம கட்டிங் மாஸ்டருன்னு சொல்லிக்கலாமுங்களா டாக்டர்?" என்று கேட்டார். உண்மையிலேயே பதில் வேண்டும் என்கிற மாதிரி கேட்டார்.

"பத்து விரலும் வெச்சுட்டு வேலையை விட்டவங்களத்தானுங்க மாஸ்டர்னு சொல்லுவாங்க" என்று நான் சொன்னேன். அப்படி யாரும் சொல்வதில்லை, நானாகச் சொன்னது. அவர் சிரித்தார்.

டாக்டர் எனக்கும் புது மாத்திரை எழுதினார். தாளை இன்னும் ஆறு வாரம் தொடர வேண்டுமாம். சரி என்றேன்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம். வலது கை மடியில் ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் அதைப் பார்க்காத மாதிரி வெளியே பார்ப்பேன். இன்றைக்கு என் கையை அதன் மேல் வைத்தேன். அமுக்கவில்லை. அது பாட்டுக்கு ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். நாங்கள் இறங்கும் புஷ்பா தியேட்டர் ஸ்டாப் வரும்வரை ஆடியது.

வலி: இடது பொட்டு. 3.

மனக்கஷ்டம்: 9.

வீட்டுக்கு வந்து அவர் எழுதிய பக்கத்தைத் திறந்தேன். கடைசி எழுத்துக்கு, அந்தப் புள்ளிக்கு, ஒரு சிவப்பு அம்பு ஒட்டினேன். நன்றாகத் தேய்த்து ஒட்டினேன். இதைப் பிய்க்கப் போவதில்லை.